கத்தரிக் கன்று திருடும் எலி

ஏப்ரல் 5, சனி

இந்தக் கொப்பியை வாரணி வாங்கித் தந்து ஒரு மாதமாகிறது. "அம்மா, கோவம் வந்தால் அப்பாவோடை கத்தாமல் இதிலை எழுதுங்கோ. அவருக்கு இப்ப மனக்கரைச்சல் கூடாது" என்றாள். எனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு மகள் வளர்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வருவதே இல்லை. இன்று வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன்.

வெளியே பத்தொன்பது பாகை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து ஸ்காபரோவில் ஏப்ரல் தொடக்கத்தில் இப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. போன கிழமை வரை வேலியோரம் குவிந்து கிடந்த பனி போன இடம் தெரியவில்லை. சனங்கள் அரைக்கைச் சட்டையோடு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இவர் மட்டும் சன்னலுக்குப் பக்கத்தில் அந்தச் சாய்மனைக் கதிரையில், கம்பளிப் போர்வையோடு.

ஜனவரியில் இவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது. தினமும் நடக்க வேண்டும், மெல்ல மெல்லப் படி ஏறி இறங்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இவரும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அந்தக் கதிரையில் இருந்தவர்தான். கேட்டால் "என்னாலை ஏலாது" என்கிறார். கெஞ்சினாலும் அதுதான், ஏசினாலும் அதுதான். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் இவர் ஒன்பது சொல்வார். இப்போது சண்டைக்குக்கூட ஆளில்லாத வீடாகிவிட்டது. பயம் ஒன்றும் இல்லை எனக்கு. எரிச்சல்தான்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்வளவில் விளையும் கத்தரிக்காய்க்கு எங்கள் சொந்தக்காரர் மத்தியில் 'குலநாயகம் கத்தரி' என்றுதான் பெயர். குலநாயகம் இவர்தான். எப்போதோ ஒரு கூட்டாளி கொடுத்த விதையில் நல்லதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி, வருடா வருடம் வளர்த்து எடுத்த கத்தரி. ஊதாவில் வெள்ளை வரி ஓடும், காம்பில் முள் இருக்கும், சட்டியில் போட்டால் வெண்ணெயாகக் கரையும். மே மாத லோங் வீக்கெண்டுக்கு, மூன்று நாள் விடுமுறையில், சொந்தக்காரர் எல்லாம் கன்று வாங்க வருவார்கள். தின்னத்தான் பழகினார்களே தவிர ஒருவரும் விதை எடுப்பதில்லை. விதை இவரிடம் மட்டும்தான்.

போன செப்டெம்பரில் இவர் நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் விதைக்கு விட்ட காய் உறைபனியில் அழுகிப்போனது. பழைய மாத்திரைப் போத்தலின் அடியில் ஒரு சிட்டிகை விதை மிச்சம் இருந்தது. பெப்ரவரிக் கடைசியில் அதை நானே பேஸ்மென்டில் விளக்குக்குக் கீழே தட்டுகளில் போட்டேன். போத்தல் இப்போது காலி. இந்தக் கன்றுகள் போனால் குலநாயகம் கத்தரி என்று ஒன்று உலகத்தில் இல்லை.

இத்தனை வருடமும் எனக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு கறிச்சட்டியோடு சரி. ஆனாலும் கன்றுகள் என்ன அழகாக வந்திருக்கின்றன! இவர் கைபட்டும் இப்படி வந்ததில்லை. இன்று வாரணியோடு போய் மண் மூட்டைகள் வாங்கி வந்தேன். அவற்றை வாசலால் இழுத்து வரும்போது இவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாத்தி கொத்தினேன். குனிந்து குனிந்து நாரி விட்டுப்போச்சு. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பொறாமை.

ஏப்ரல் 8, செவ்வாய்

றதி மச்சாள் ரெலிபோன் எடுத்தார். இவருடைய தங்கச்சி, அடுத்த தெருவில் வீடு.

"மச்சாள், அண்ணைக்கு ஏலாதுதானே. இந்த வருசம் கண்டு ஒண்டும் இராது, என்ன? நான் கடையிலை வாங்கிப் போட்டு விடுவம் எண்டு பாக்கிறன்."

"ஆர் சொன்னது இராதெண்டு?"

"இல்லை மச்சாள், நீங்களும் பாவம், தனிய..."

பாவமாம். நான் பாவமாம்! "லோங் வீக்கெண்டுக்கு வாங்கோ மச்சாள், போன வருசத்தை விட ரெண்டு மடங்கு கண்டு தாறன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். கதிரையில் இருந்தவரின் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் பலமாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பேஸ்மென்டில் எலி.

தட்டில் கன்றுகள் நெருக்கமாக நின்ற இடங்களில் இன்று பார்த்தால் இடைவெளி. ஒன்றிரண்டு அல்ல, நல்ல கன்றுகளாகப் பார்த்து எடுத்திருக்கிறது. இலையைக் கடிக்காமல் வேரோடு இழுத்துக்கொண்டு போகிற எலியை இந்த நாட்டில்தான் பார்க்கிறேன். பொறி வாங்கி வைத்தேன்.

பேஸ்மென்டுப் படி லைட்டும் எரிந்தபடி கிடந்தது. உடுப்புத் தோய்க்க வந்த வாரணி நூர்க்காமல் போயிருப்பாள். கன்று மாற்றி வைக்க நான் சேர்த்து வைத்த கோப்பிக் கப்புகளிலும் பாதியைக் காணோம். பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொண்டு போயிருப்பாள். கேட்டால் "நான் எடுக்கேல்லை அம்மா" என்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

படுக்கையறை மேசை லாம்பைக் காணவில்லை. "அது பழுது, எறிஞ்சிட்டன்" என்றார் இவர். கதிரையை விட்டு எழும்பாத மனிதர் குப்பைத் தொட்டி வரைக்கும் போயிருக்கிறார் என்பது ஒரு முன்னேற்றம்தான். வாரணிக்குச் சொல்ல வேண்டும்.

கீழே உடுப்புத் தோய்க்கும் தொட்டியில் மண். எலிதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்குச் சித்திரை வருடப் பிறப்பு. ஊர்ப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். காலையில் நல்ல நேரம் ஒன்று இருக்கிறது; புதுக் கருமம் தொடங்க உத்தமம் என்று போட்டிருக்கிறது. வெளியே இருபத்திரண்டு பாகை. நாளும் கூடி வருகிறது, வெயிலும் கூடி வருகிறது. நாளைக்கே கன்றை வெளியில் நடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது இவர் தானாக வாயைத் திறந்தார்.

"இப்ப வையாதையும், ஜெகா. இன்னும் பனி வரும்."

"இந்த வெயிலுக்கையோ?"

"இது ஏமாத்திப் பேய்க்காட்டுற வெயில். லோங் வீக்கெண்டுக்கு முதல் வைக்கப்படாது."

"கதிரையிலை இருந்துகொண்டு சட்டம் கதைக்க வேண்டாம். எழும்பி வந்து, தோட்டத்திலை நிண்டு சொல்லுங்கோ, கேக்கிறன்."

புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். எழும்பி வருவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருடம். தலைக்கு முழுகி, சுவாமிக்குப் படைத்து, சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நல்ல நேரத்துக்குள் கத்தரி அவ்வளவையும் நட்டு முடித்தேன். வரிசை பிசகவில்லை. றதி மச்சாள் பலகாரத்தோடு வந்தவர் பின்வளவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சாள்! இவ்வளவும் நீங்களோ செய்தது? தனியவோ?"

"பின்ன?"

அவர் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டார். மாலைக்குள் அவுஸ்திரேலியாவில் இருந்தெல்லாம் பாராட்டு வந்துவிட்டது. இலண்டன் சின்னத்தம்பி அண்ணர் 'வீரத் தாய்' என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லது" என்றார்.

ஏப்ரல் 18, வெள்ளி

இருபத்தைந்து பாகை. இலைகள் கொஞ்சம் வெளிறியிருக்கின்றன. வெயில் கூடிப்போயிற்றாக்கும். தண்ணீர் விட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

காலையில் இருந்து வடக்குக் காற்று. இவர் காலநிலைச் செய்தியின் சத்தத்தை எவ்வளவுக்குக் கூட்டலாமோ அவ்வளவுக்குக் கூட்டி வைத்திருந்தார். நான் காதில் வாங்கவில்லை. பின்னேரம் கை விறைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு முன்னெச்சரிக்கைக்காக, சோபா வந்த பிளாஸ்ரிக் உறைகளைத் தேடி எடுத்துக் கன்றுகளை இறுக்கி மூடிக் கல் வைத்தேன். பயந்து அல்ல.

ஏப்ரல் 24, வியாழன்

பனி.

ஏப்ரல் 25, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. கணுக்கால் அளவுக்குக் கொட்டியிருந்தது. இன்று மதியம் உருகியதும் போய்ப் பிளாஸ்ரிக்கைத் தூக்கினேன். இலை பிளாஸ்ரிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெந்த கீரை மாதிரி, கறுப்பாக. ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. தண்டைக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றிலும் பச்சை இல்லை.

ஒரு மனிதர் இத்தனை வருடம் கண்ணுக்குள் வைத்துக் காத்த விதையை நான் ஒரு புதன்கிழமை இரவில் கொன்றுவிட்டேன். 'வீரத் தாய்.'

திரும்பிப் பார்த்தேன். பின் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் இவர் நின்றார். கதிரையில் இருந்து அந்தக் கதவு வரைக்கும் எப்போது நடந்து வந்தாரோ தெரியாது. 'சொன்னன்தானே' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"உள்ளுக்கு வாரும். கால் நனையுது" என்றார்.

உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். குளிருக்குள் இருந்து வீட்டுக்குள் வந்தால் கண்ணாடியில் நீராவி படியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

றதி மச்சாள் ரெலிபோன் எடுத்தார். "ஸ்னோ கொட்டினதே மச்சாள், கண்டுகள் எப்பிடி?"

"நல்லா நிக்குது" என்றேன். "மூடி வைச்சனான்."

மூடி வைத்தது உண்மைதான்.

இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். லோங் வீக்கெண்டுக்குச் சனம் வந்து நிற்கப்போகிறது. எதைக் கொடுப்பேன்? கடையில் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு காய் காய்த்தால் தெரிந்துவிடும்.

மே 1, வியாழன்

ஆற அமர எழுத வேண்டும்.

இன்று பலசரக்கு வாங்கி வந்து, எலிப் பொறியைப் பார்க்கப் பேஸ்மென்டுக்குப் போனேன். பொறியில் ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஹீற்றர் அறைக் கதவின் அடியில் வெளிச்சம். அந்த அறைக்குள் நான் போவதில்லை, சிலந்தி. வாரணிதான் திரும்பவும் லைட்டை நூர்க்கவில்லை என்று திட்டிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

எங்கள் படுக்கையறை லாம்பு. ஒரு பலகையில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தது. அதற்குக் கீழே வரிசை வரிசையாக என்னுடைய கோப்பிக் கப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கத்தரிக் கன்று. குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சை இலையோடு. ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஐஸ்கிறீம் குச்சி முட்டுக்கொடுத்திருந்தது. தோட்டத்தில் குச்சியை அப்படிச் சரித்துக் குத்துகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஸ்ரூல் ஒன்று. அதில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. கோப்பையின் அடியில் தேத்தண்ணி இன்னும் காயவில்லை.

எலி!

படி ஏற ஏலாதாம். கதிரையை விட்டு எழும்ப ஏலாதாம். நான் கோயிலுக்கும் கடைக்கும் போகிற நேரம் பார்த்து, அந்தச் செங்குத்துப் படியால், ஒரு கையில் தண்ணீரோடு இறங்கி ஏறியிருக்கிறார். வழுக்கி விழுந்திருந்தால்? நெஞ்சு அடைத்திருந்தால்? கத்த வேண்டும்போல வந்தது. முதல் படியில் காலை வைத்து "இஞ்சேருங்கோ!" என்று கூப்பிட வாயையும் திறந்துவிட்டேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கூப்பிட்டால் வெட்கப்படுவார். வெட்கப்பட்டால் விட்டுவிடுவார். திரும்பவும் கதிரை, போர்வை, "ஏலாது." இந்த மனிதரை எனக்குத் தெரியும். அந்தப் படியின் அடியில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எழுதுகிறேன், வாரணி வாசித்தால் வாசிக்கட்டும். சந்தோசத்தில்தான் அழுதேன். என் மனுசன் படி ஏறுகிறார்!

லாம்பை நூர்க்காமல், கோப்பையைத் தொடாமல், கதவை இருந்தபடியே சாத்திவிட்டு மேலே வந்தேன்.

மே 2, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். வழக்கத்தை விட நேரம் கடத்தித்தான் திரும்பினேன். வீதி வலம் வந்தேன், தெரியாத ஆட்களோடு எல்லாம் கதைத்தேன். எலிக்கு அவகாசம் வேண்டாமா? போகும்போது படி லைட்டைப் போட்டுவிட்டு, படியில் கிடந்த வாரணியின் பழைய சப்பாத்துகளை ஒதுக்கிவிட்டுப் போனேன்.

மே 5, திங்கள்

மருமகனை வரச் சொல்லிப் பேஸ்மென்டுப் படிக்கு இரண்டு பக்கமும் கைபிடி அடிப்பித்தேன். "எனக்கு முழங்கால் நோகுது" என்று சொன்னேன். இவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு எப்ப இருந்து முழங்கால் நோகுது?"

"தோட்டம் கொத்தினதில இருந்து."

"ம்" என்றார்.

மே 9, வெள்ளி

எலிப் பொறியைத் தூக்கி எறிந்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஹீற்றர் அறை ஸ்ரூலில் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனேன். எலிக்கு எண்ணெய் கூடாது என்பதால் அவித்த கொழுக்கட்டை.

கோயிலால் வந்து பார்த்தேன். தட்டு வெறும் தட்டு. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு குழம்பு விட்டேன்.

"பேஸ்மென்டிலை எலி இருக்கெண்டு சொன்னீர்" என்றார் கடைசியில்.

"ஓம். நல்ல பழக்கமான எலி."

"கொழுக்கட்டைக்குச் சர்க்கரை காணாதெண்டு சொல்லிச்சு."

இவர் சிரித்ததை இந்த வருடத்தில் இன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன், புரையேறும் வரைக்கும். பிறகு கேட்டேன், எப்போது தொடங்கினீர்கள் என்று.

"நீர் அந்த மண் மூட்டையை இழுத்துக்கொண்டு வரேக்கையே எனக்குத் தெரியும், லோங் வீக்கெண்டு வரைக்கும் பொறுக்க மாட்டீர் எண்டு. கொஞ்சத்தை எண்டாலும் ஒளிச்சு வைப்பம் எண்டு இறங்கினன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் நாள் பாதிப் படியிலை இருந்துட்டன், ஜெகா. எழும்பப் பயமாக் கிடந்தது. அதை நீர் பாக்கக் கூடாதெண்டு நினைச்சன்."

நான் எழும்பி, கொழுக்கட்டைக்குச் சர்க்கரை எடுக்கப் போவதுபோலக் குசினிக்குள் போனேன்.

மே 13, செவ்வாய்

வெளியே இருபத்தேழு பாகை. கன்றுகள் கப்புக்குள் நெருக்கி நிற்கின்றன. கை துறுதுறுக்கிறது. பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. பகலில் கன்றுகளைப் பின்கதவுப் படியில் நிழலுக்கு வைத்து, பின்னேரம் உள்ளே எடுக்கிறோம், பழக்க வேண்டுமாம். தட்டு மேலே வருவது இவர் கையில். நான் பின்னால் வெறுங்கையோடு, விழுந்தால் பிடிக்க. இவர் விழவில்லை.

மே 18, ஞாயிறு

லோங் வீக்கெண்டு. வீடு நிறையச் சனம், ஆளுக்கொரு பெட்டியோடு கன்று வாங்க. நான் முதலிலேயே இவரிடம் சொல்லியிருந்தேன், தட்டுகளை மருமகன் தூக்கி வருவான் என்று. கேட்டால்தானே! எல்லாரும் ஹோலில் நிற்கும்போது, பேஸ்மென்டுக் கதவு திறந்து, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு இவர் ஏறி வருகிறார்.

"அண்ணை!" றதி மச்சாள் கத்திவிட்டார். "படி ஏறுறியளே!"

"பின்ன, கண்டு தானா நடந்து வருமே?"

மச்சாள் கன்றுகளைக் குனிந்து பார்த்தார். "என்ன செழிப்பு! மச்சாள், சித்திரைக்கு நீங்கள் வைச்சதைக் கிண்டி எடுத்ததோ இது? ஸ்னோவுக்குத் தப்பினதோ?"

நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திவிட்டார்.

"ஓம். ஜெகா வைச்சதுதான். நல்ல நேரம் பாத்து வைச்சது, பனி ஒண்டும் செய்யேல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட பாராட்டு எல்லாம் அந்தப் பார்வைகளில் இருந்தது. இவர் தட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நெஞ்சில் தையல் போட்ட மனிதர், என்னுடைய பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

"பொய்!" என்றேன். "நான் வைச்சது ஒண்டுகூட மிஞ்சேல்லை. எல்லாத்தையும் ஸ்னோவுக்குக் குடுத்துட்டு உங்களுக்குப் போனிலை புளுகினனான், மச்சாள். இது இவர் வளத்த கண்டு. எனக்கும் தெரியாமல், அந்தப் படியாலை ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறி! போய்ப் பாருங்கோ அந்தப் படியை. எப்பிடிச் செங்குத்தாக் கிடக்கெண்டு பாத்திட்டு வந்து சொல்லுங்கோ!"

மச்சாள் உண்மையாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலும் தன்னுடைய பெட்டிக்குள் இரண்டு கன்று கூடுதலாக வைக்க மறக்கவில்லை.

பாராட்டை இழந்தேனே என்று இரவு வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். ஒரு துளியும் வருத்தம் வரவில்லை. படியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வந்த பெருமை, சித்திரைக்கு வந்த பெருமையை விடப் பெரியது.

மே 19, திங்கள்

எங்கள் பங்குக் கத்தரிக் கன்றுகளையும் கடையில் வாங்கிய தக்காளி, மிளகாய்க் கன்றுகளையும் பாத்தியில் வைத்தோம். நான் குழி தோண்ட, இவர் கதிரை போட்டிருந்து கன்றை நீட்டினார். சாய்மனைக் கதிரை இல்லை, பிளாஸ்ரிக் கதிரை. குழி ஆழம் காணாதென்று ஒவ்வொரு குழிக்கும் குறை சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மே 22, வியாழன்

இந்த வருடக் காலநிலைக்கு விசர் பிடித்துவிட்டது. லோங் வீக்கெண்டு கழிந்த பிறகு உறைபனி எச்சரிக்கை! இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை இவரும் கண்டதில்லையாம். மத்தியானம் செய்தி வந்ததும் நான் பிளாஸ்ரிக் உறையை எடுக்க ஓடினேன். பின்னால் இவருடைய குரல்.

"பிளாஸ்ரிக் வேண்டாம்! இலையிலை முட்டினால் அதுவே கருக்கிப் போடும். துணி கொண்டு வாரும். கனத்த துணி, நிலம் வரைக்கும் விழோணும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஏப்ரலில் என்ன நடந்தது என்று. கேட்டுக்கொண்டு நிற்காமல் ஓடினேன். படுக்கை விரிப்புகள் தக்காளிக்கும் மிளகாய்க்கும் முடிந்துவிட்டன. கத்தரிக்கு மிச்சம் இல்லை. அலுமாரியைத் திறந்து சீலைகளை அள்ளினேன். காஞ்சிபுரம், மைசூர்ப் பட்டு, வாரணி கலியாணத்துக்கு எடுத்தது. அப்படியும் கடைசி வரிசைக்குக் காணவில்லை. அடித்தட்டில் என்னுடைய கலியாணக் கூறை இருந்தது.

பின்வளவில் இவர் தடிகளை ஊன்றிக்கொண்டு நின்றார். கையில் சுத்தியல். கண்டதும் திகைத்தார்.

"கூறையையோ, ஜெகா?"

"பின்ன? அலுமாரிக்கை கிடந்து ஆருக்கு?"

ஒரு முனையை இவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். தடிகளுக்கு மேலால் விரித்து, நிலம் வரைக்கும் இழுத்து, ஓரத்தில் கல் வைத்தோம். அரக்குப் பட்டில் சரிகை பின்னேர வெயிலுக்கு மின்னியது. இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு இவர் ரெலிபோனைக் கையில் எடுத்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருவரோடும் கதைக்காத மனிதர், கன்று வாங்கிய ஒவ்வொருவருக்கும் எடுத்து அதட்டினார். "துணி போடு. பிளாஸ்ரிக் போட்டியோ, அடுத்த வருசம் கண்டு கிடையாது!" றதி மச்சாள் மட்டும் என்னோடு கதைக்க வேண்டும் என்றாராம்.

"மச்சாள், எந்தச் சீலை போடுறது? பழசு காணுமோ?"

"பழசு மெல்லிசு, மச்சாள். நல்லதாப் போடுங்கோ."

மே 23, வெள்ளி

விடிந்ததும் இருவரும் போனோம். புல் எல்லாம் வெள்ளை. கூறைக்கு மேலும் உப்புத் தூவினதுபோல. நான் தூக்கப் பயந்து நின்றேன். இவர்தான் தூக்கினார்.

ஒரு இலைகூடக் கருகவில்லை.

வட்ஸ்அப் நிறையப் படங்கள். ஏஜாக்ஸில் ஒரு வீட்டில் பச்சைப் பட்டு, மார்க்கம் பக்கம் ஒரு வீட்டில் மாம்பழக் கலர், றதி மச்சாள் வீட்டில் அவர் ஒரு தரமும் கட்டாமல் வைத்திருந்த பனாரஸ். எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் கத்தரி, உயிரோடு. 'குலநாயகம் அண்ணை வாழ்க' என்று சின்னத்தம்பி அண்ணர் இலண்டனில் இருந்து எழுதியிருந்தார். இவருக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லது" என்றார். ஆனால் கேட்காதது மாதிரித் திரும்பவும் ஒரு தரம் வாசிக்கச் சொன்னார்.

கூறை முந்தானையில் மண். தட்டிப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை. இருக்கட்டும்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

இந்தக் கொப்பியைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. மே மாதத்துக்குப் பிறகு எழுத நேரம் வாய்க்கவில்லை.

இன்று முதல் காய் அறுக்கலாம் என்று கத்தியோடு போனேன். வாரணி குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாள். ஊதாவில் வெள்ளை வரியோடு, கை நிறைய ஒரு காய். அதன் காம்பில் சிவப்பு நூல்.

"அதைத் தொடாதையும்! அது விதைக்கு!"

"முதல் காயைப் பிள்ளைக்குக் குடுக்காமல்?"

"முதல் காய்தான் விதை! எத்தினை வருசமாச் சொல்லுறன்? போன முறை விதை இல்லாமல் பட்ட பாடு காணாதோ?"

"அது பனியாலை பட்ட பாடு!"

"பனியோ? பஞ்சாங்கம் பாத்து நட்டது பனியோ, நீரோ?"

நான் ஒன்று சொன்னேன். இவர் ஒன்பது சொன்னார். நான் பத்தாவதைச் சொன்னேன். இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் பதறிப்போய் எட்டிப் பார்த்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்பதுபோல. இவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முகம் சிவக்க, தோட்டத்து நடுவில் நிமிர்ந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். என்ன குரல்! அடுத்த தெருவில் றதி மச்சாளுக்கும் கேட்டிருக்கும். என் மனுசனுடைய குரல்.

காய் விதைக்குத்தான் நிற்கிறது. நான் தோற்றுப்போனேன்.

இதோ, வெளியில் இருந்து திரும்பவும் கூப்பிடுகிறார். "இஞ்சரும், தண்ணிப் பைப்பைப் பூட்டாமல் விட்டது ஆர்?" நான்தான். ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

வாரணி, இந்தக் கொப்பியை நீயே எடுத்துக்கொள். எனக்குச் சண்டை பிடிக்க ஆள் வந்தாச்சு.